பூதக்கண்ணாடி முதலா, பார்வைப் பழக்கம் முதலா?

போன ஆவணியில் காங்கேயத்தில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். சீர் முடிந்து பந்திக்குப் போகிற நேரத்தில் சின்னம்மா மகன் என்னை ஓரமாகக் கூப்பிட்டான். "ஏனுங்கக்கா, பெரியம்மாளுக்கு எம்மேல ஏதாச்சும் வருத்தமுங்களா? முன்னாடி போயி நின்னு ரெண்டு வாட்டி கும்புட்டனுங்க. என்ற தலைக்கு மேல பந்தலப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்காங்க."

அம்மா பந்தலைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு முகம் தெரிய வேண்டுமானால் அதற்குச் சற்று மேலே பார்க்க வேண்டும். நேராகப் பார்த்தால் முகம் இருக்கிற இடத்தில் சாம்பல் அப்பின மாதிரி இருக்கும். காதும் சட்டைக் காலரும் மட்டும் மிஞ்சும்.

இந்த 'மேலே பார்க்கிற' வித்தைக்கு வந்து சேர எங்களுக்கு ஒன்றரை வருடம் ஆனது. அதற்குள் இரண்டு லென்ஸ் வாங்கியாயிற்று, இன்னொரு கண்ணாடிக்கு அளவு கொடுக்கும் வரை போயாயிற்று. எதை முதலில் செய்திருக்க வேண்டுமோ அதைக் கடைசியில் செய்தோம். அதே இடத்தில் இப்போது நிற்கிற வீடுகள் கொஞ்சம் குறுக்கே போகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, ஈரோட்டில் கணக்கு எழுதுகிற வேலை. அம்மாவுக்கு வயது 74. காங்கேயத்துக்கும் சென்னிமலைக்கும் நடுவில் ஒரு தோட்டத்துச் சாளையில், தென்னை மரங்களோடு இருக்கிறார்.

நான்கு வருடத்துக்கு முன் ஒருநாள் போனில், "வாசக்கால் வளைஞ்சு போச்சு கண்ணு, ஆசாரியக் கூப்பிடோணும்" என்றார். ஆசாரி வந்து பார்த்துவிட்டு, நிலை நூல் பிடித்தாற்போல இருக்கிறது என்று சிரித்துவிட்டுப் போனார். நாங்களும் சிரித்தோம். இரண்டு மாதம் கழித்து டாக்டரிடம் போனபோதுதான் வளைந்தது வாசக்கால் இல்லை, வலது கண்ணின் விழித்திரை என்று தெரிந்தது. வயதானால் வருகிற மாக்குலாச் சிதைவு நோய். மாக்குலா என்பது விழித்திரையின் நடுப்பகுதி. அதற்கு அடியில் புதிதாக ரத்தக் குழாய் முளைத்துக் கசிந்திருந்தது. ஊசி போட்டார்கள். தழும்பு விழுந்த பிறகு போட்ட ஊசி. இடது கண்ணில் கசிவு இல்லாத உலர் வகை. நடுவில் மட்டும் மெதுவாகத் தேய்ந்துகொண்டே வந்தது.

ஆகவே எந்த உதவி முதலில் என்கிற ஒப்பீட்டுக்கு முன் ஒன்று. நேர்க்கோடுகள் திடீரென்று வளைந்து தெரிந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அந்த வாரமே விழித்திரை டாக்டரிடம் போய்விடுங்கள். கசிவு வகைக்கு 2006 முதல் கண்ணுக்குள் போடும் நல்ல ஊசி மருந்துகள் வந்துவிட்டன. பெரும்பாலும் இருக்கிற பார்வையைக் காப்பாற்றித் தருவதுதான் அவற்றின் வேலை. போனதை முழுதாக மீட்டுத் தரும் என்று எதிர்பார்க்க முடியாது. கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த வைத்தியம் செய்ய வேண்டியதைச் செய்து முடித்த பிறகு, மிஞ்சிய பார்வையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதைப் பற்றி.

கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். நமக்குத் துல்லியமாகத் தெரிவது ஏறக்குறைய அந்த நகத்தின் அளவு இடம்தான். மற்றதெல்லாம் மங்கல். விழித்திரையின் நடுவில் 5.5 மி.மீ. அகலத்தில் இருக்கிற மாக்குலாவும், அதன் மையத்தில் உள்ள சிறு குழியும்தான் அந்த நகத்தளவு துல்லியத்தைத் தருகின்றன. அது போதாது என்று நமக்குத் தோன்றுவதே இல்லை. காரணம், கண் சும்மா இருப்பதில்லை. படிக்கும்போது வரி மேல் வழுக்கிக்கொண்டு போவதாக நினைக்கிறோம். உண்மையில் நொடிக்கு மூன்று நான்கு தடவை தாவுகிறது, தாவிய இடத்தில் கால் நொடி நிற்கிறது, மறுபடி தாவுகிறது. ஒவ்வொரு தாவலிலும் வேண்டிய எழுத்தை அந்தக் குழிக்குள் கொண்டுவந்து இறக்குகிறது. குழந்தையாக இருந்தபோது பழகிய பழக்கம். யாரும் நினைத்துச் செய்வதில்லை.

மாக்குலா கெட்டாலும் இந்தத் தாவல் கெடுவதில்லை. கெடாமல் இருப்பதுதான் வினை. ஓரத்தில் ஏதோ தெரிகிறது, உடனே கண் தாவி அதைப் பழைய குழிக்குக் கொண்டுபோகிறது. அங்கே பார்வை இல்லை. பொருள் மறைந்துவிடுகிறது. ஓரத்தில் வேறொன்று தெரிகிறது, மறுபடி தாவல், மறுபடி மறைவு. அம்மா இதை ஒரே வரியில் சொன்னார்: "கவலை இறைச்ச மாட்டாட்டம், பழைய தடத்துலயே போகுது கண்ணு." கவலை என்றால் மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற பழைய முறை.

எந்த உதவியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த மாட்டைச் சமாளித்தாக வேண்டும். அது எனக்கு அப்போது புரியவில்லை. நேராகக் கடைக்குப் போனேன்.

பெரிதாக்கினால் தெரியும் என்பது எல்லோருக்கும் தோன்றுகிற யோசனை. பாதி சரியும்கூட. ஓரப் பார்வைக்குக் கூர்மை குறைவு. நடுவிலிருந்து பத்து பாகை விலகினால் கூர்மை ஐந்தில் ஒரு பங்குக்கு வந்துவிடும். எனவே எழுத்துப் பெரிதாக வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. எவ்வளவு பெரிதாக என்பதில்தான் நான் ஏமாந்தேன். ஒரு கண்ணாடிக் கடையில், "இருக்கறதுலயே பவர் ஜாஸ்திங்க" என்று பத்து மடங்கு லென்ஸைக் கொடுத்தார்கள். லென்ஸில் போட்டிருக்கிற டயாப்டரை, அதாவது பவர் அளவை, நான்கால் வகுத்தால் எத்தனை மடங்கு என்று வரும். பத்து மடங்கு என்றால் 40 டயாப்டர். அதற்கும் காகிதத்துக்கும் இடைவெளி இரண்டரை சென்டிமீட்டர்தான் இருக்கலாம். கண்ணையும் லென்ஸோடு ஒட்டிவைத்தால்தான் ஓரளவாவது பரப்புத் தெரியும். அம்மா மூக்குக் காகிதத்தில் இடிக்கும்படி குனிந்து உட்கார்ந்தார். ஒரு நேரத்தில் ஒரு எழுத்து, மிஞ்சினால் இரண்டு. 'கொ' வந்தது. கை கொஞ்சம் நடுங்கியது, 'ப்' ஓடிவிட்டது. 'ரை' வந்து சேர்ந்தபோது முதலில் வந்தது என்ன என்று மறந்துபோயிருந்தது. அம்மா பேப்பரில் தேடிக்கொண்டிருந்த சொல் கொப்பரை.

இதற்குக் காரணம் லென்ஸ் மட்டும் இல்லை என்று பின்னால் புரிந்தது. பவர் ஏற ஏறப் பார்க்கும் பரப்புச் சுருங்கும். சுருங்கிய பரப்புக்குள் கண் தாவினால் லென்ஸை விட்டே வெளியே போய்விடும். தாவலை அடக்கத் தெரியாத கண்ணுக்குப் பவர் கூட்டுவது, பழகாத காளைக்கு வண்டியைப் பெரிதாக்குவது போல.

இன்னொரு வகையினர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெரிதாக்குவதே தீங்கு. உலர் வகையில் சிலருக்கு மையத்தைச் சுற்றி வளையமாகத் தேய்ந்து, நடுவில் சின்னத் தீவு போல நல்ல பார்வை மிஞ்சியிருக்கும். பொடி எழுத்தைப் படிப்பார்கள், தலைப்புச் செய்தி தெரியவில்லை என்பார்கள். வீட்டில் நடிப்பு என்று சந்தேகம் வரும். நடிப்பு இல்லை, பெரிய எழுத்து அந்தத் தீவுக்குள் அடங்குவதில்லை. அவர்களுக்கு வேண்டியது நல்ல வெளிச்சமும் குறைந்த பவரும். அதனால்தான் பரிசோதனை இல்லாமல் லென்ஸ் வாங்காதீர்கள் என்கிறேன்.

அடுத்தது ஓரமாகப் பார்க்கப் பழகுவது. கோவையில் அரவிந்த் போன்ற பெரிய கண் மருத்துவமனைகளில் குறைபார்வைக்கென்றே தனிப் பிரிவு உண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது. கண் டாக்டரைத்தான் தெரியும், அதற்குப் பிறகு ஒரு ஆள் இருப்பார் என்று யாரும் சொல்லவில்லை. ஒருவழியாக அப்படி ஒரு பிரிவுக்குப் போனோம். அங்கிருந்த ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது பார்வையைச் சோதிப்பவர், சின்னப் பெண். வெள்ளைத் தாளில் மார்க்கரால் கடிகார முகம் வரைந்து, நடுவில் ஒரு நட்சத்திரம் போட்டார். ஒரு கண்ணை மூடச் சொன்னார்.

"நடுவுல என்ன தெரியுது பாட்டி?"

"ஒன்னுமே இல்லீங்க அம்மிணி. வெறுந்தாளு."

"இப்ப மூணாம் நம்பரப் பாருங்க. நம்பரத்தான் பாக்கோணும், நடுவுல பாக்கக் கூடாது. நட்சத்திரம் தெரியுதுங்களா?"

மூன்றில் பாதி தெரிந்தது. ஆறில் இல்லை. ஒன்பதில் ஏதோ நிழல். பன்னிரண்டுக்கு வந்ததும் அம்மா முதுகை நிமிர்த்தினார். "வந்துருச்சுங்க! பூவாட்டம் ஒன்னு..." என்று சொல்லி வாய் மூடவில்லை, "போயிருச்சு" என்றார். நான் அம்மாவின் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நட்சத்திரம் தெரிந்த மறுகணமே கருவிழி கீழே இறங்கி அதை நேராகப் பார்க்கப் போனது. போனதும் மறைந்தது. "மறுக்கா பன்னெண்டு" என்றார் அந்தப் பெண். வந்தது, போனது. அன்றைக்கு இருபது தடவையாவது வந்து போயிருக்கும். ஒன்றரை வருடமாக வீட்டில் நடந்துகொண்டிருந்தது இதுதான் என்று எனக்கு அங்கே உறைத்தது. முகமும், பேப்பரும், மாத்திரை அட்டையும் வந்து வந்துதான் போயிருக்கின்றன.

மையம் கெட்ட பிறகு பலருக்கும் சில மாதங்களில் அந்தக் குழிக்குப் பதிலாக விழித்திரையில் தானாகவே ஒரு மாற்று இடம் அமைந்துவிடும். ஆனால் கண் தானாகத் தேர்ந்தெடுக்கும் இடம் படிக்க வசதியான இடமாக இருக்கும் என்று உறுதியில்லை. திசை முக்கியம். சொல்லுக்கு வலப்பக்கமாகப் பார்த்துப் பழகிவிட்டால் அந்தச் சொல் தெரியும், ஆனால் நடுவில் விழுந்த மறைப்பு வலப்பக்கம் போய் அடுத்து வருகிற சொற்களின் மேல் உட்கார்ந்துகொள்ளும். தமிழும் இடமிருந்து வலம் போகிற எழுத்து. போகிற வழியை மறைத்துக்கொண்டு எப்படிப் போவது? சொல்லுக்கு மேலேயோ கீழேயோ பார்த்தால் வரி முழுக்கத் திறந்து கிடக்கும். அம்மாவுக்குப் பன்னிரண்டு மணித் திசை வாய்த்தது எங்கள் அதிர்ஷ்டம்.

இந்தப் பயிற்சிக்குச் செலவு தாளும் மார்க்கரும்தான். சுவீடனில் மையப் பார்வை பெரிதாகப் போன 20 பேருக்கு இப்படி மாற்று இடத்தைத் தேர்ந்து பழக்கியதில், சராசரியாக ஐந்து மணி நேரப் பயிற்சியில் 18 பேருக்கு அது கைவந்தது என்று 2003இல் எழுதியிருக்கிறார்கள். நிமிடத்துக்கு 9 சொல் படித்துக்கொண்டிருந்தவர்கள் 68 சொல் வரைக்கும் வந்தார்கள். ஆட்கள் குறைவு, வலுவான லென்ஸும் அதோடு சேர்ந்தே இருந்தது. அதையே எல்லோருக்கும் வாக்குறுதியாகக் கொடுக்க முடியாது. எங்கள் அம்மாவுக்கு ஆறு வாரம் பிடித்தது, காலையில் கால் மணி, பொழுதோடு கால் மணி. அதற்கு மேல் போனால் தலைவலி என்று எழுந்துவிடுவார்.

பழக்கம் பிடிபட்டும் பேப்பர் ஓடவில்லை. இங்கேதான் பலர் கைவிடுவார்கள் என்று நினைக்கிறேன். நின்ற சொல்லை மேலே பார்த்துப் பிடித்துவிடுகிறார். அடுத்த சொல்லுக்குப் போக ஒரு தாவல் வேண்டுமே, அந்தத் தாவலில் கவலை மாடு மறுபடி பழைய தடத்தில் இறங்கிவிடுகிறது. அமெரிக்காவில் 2011இல் வந்த ஓர் ஆய்வு இதைத்தான் பிரித்துப் பார்த்தது. மாக்குலா கெட்டவர்களுக்கு மூன்று விதப் பயிற்சி கொடுத்தார்கள்: ஓரமாகப் பார்க்கப் பழகுவது, கண்ணின் அசைவை அடக்கி ஒழுங்காக நகர்த்தப் பழகுவது, ஒரே இடத்தில் சொற்களை ஒவ்வொன்றாகக் காட்டுவது. படிக்கும் வேகத்தைக் கூட்டியது இரண்டாவதுதான். இடம் தெரிந்தால் போதாது, அந்த இடத்தோடு நகரத் தெரிய வேண்டும்.

நகரவே வேண்டாம் என்றால்? அதுவும் ஒரு வழி. கண்ணை மாற்று இடத்தில் நிறுத்திவிட்டுக் காகிதத்தை நகர்த்துவது. சென்னிமலைத் தறியைப் பார்த்தவர்களுக்கு நான் இப்படிச் சொல்வேன்: வழக்கமாகப் படிக்கையில் கண்தான் நாடா, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும். இந்த முறையில் நாடாவைப் பிடித்து நிறுத்திவிட்டுத் துணியை இழுக்கிறோம். இங்கிலாந்தில் மாக்குலா நோயாளிகளுக்கான சங்கம் ஓரப் பார்வையோடு இதையும் சேர்த்தே கற்றுக்கொடுத்து வந்திருக்கிறது. லண்டன் ராயல் ஹாலோவே கல்லூரியில் இதற்காகவே எழுத்து ஒற்றை வரியாக ஓடுகிற ஐபேட் செயலி ஒன்றை உருவாக்கினார்கள்.

அதைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா பேப்பரைத் தொடாமல் இருந்த அந்த ஒன்றரை வருடத்திலும் டிவியில் கீழே ஓடுகிற செய்தியைப் படித்துக்கொண்டிருந்தார். நாற்காலியை டிவிக்கு மூன்றடியில் இழுத்துப் போட்டு, செய்தி வாசிப்பவரின் கழுத்துப் பக்கம் பார்த்தபடி உட்காருவார். கீழே எழுத்து வலமிருந்து இடமாக ஓடும். "டிவி எழுத்துத் தெரியுது, பேப்பர் எழுத்துத் தெரியலீங்கறாங்க, ஒன்னும் புரியல" என்று என் தம்பி சலித்துக்கொள்வான். நாற்காலியைப் பாதித் தூரத்துக்கு இழுத்ததில் எழுத்து இரண்டு மடங்காகிவிட்டது. எழுத்தே நகர்வதால் கண் தாவ வேண்டியதில்லை. மேலே பார்த்தால் கீழே தெரிகிறது. மூன்று பாடத்தையும் அவரே படித்து முடித்திருந்தார். எங்களுக்குத்தான் தெரியவில்லை.

வீட்டில் செய்தது இது. பேப்பரைப் பத்தி அகலத்துக்கு மடித்துப் பேத்தியின் பரிட்சை அட்டையில் கிளிப் போட்டுவிடுவது. அட்டையின் மேல் மூன்று மடங்கு ஸ்டாண்டு லென்ஸ், உள்ளேயே எல்.இ.டி. விளக்கு உள்ளது. வலது கையால் லென்ஸை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு, இடது கையால் அட்டையை மெல்ல இடப்பக்கம் இழுப்பது. வரி முடிந்ததும் அட்டையைப் பழைய இடத்துக்குத் தள்ளி ஒரு வரி அளவு மேலே ஏற்றுவது. வரி தவறாமல் இருக்கப் படிக்கிற வரிக்குக் கீழே ஒரு கறுப்பு அட்டைத் துண்டு. முதல் வாரத்தில் அம்மாவுக்கு இழுக்கிற வேகம் பிடிபடவில்லை. பிறகு ராட்டை சுற்றுகிற மாதிரி சீராக வந்துவிட்டது.

ஒரு சிக்கல். விறைத்துப் பார்த்தாலும் எழுத்துக் கரைந்துவிடும். ஓரத்தில் அசையாமல் நிற்கிற எதுவும் சில நொடிகளில் மங்கி மறையும் என்பதை ட்ராக்ஸ்லர் என்கிற சுவிஸ் மருத்துவர் 1804லேயே எழுதிவைத்திருக்கிறார். நல்ல கண்ணுக்கும் அப்படித்தான். ஆகவே நிறுத்து என்றால் முறைத்துக்கொண்டிரு என்று பொருள் இல்லை. எழுத்து மங்கினால் ஒரு தடவை கண்ணை இமைத்துவிட்டு மறுபடி பன்னிரண்டு மணிக்குப் போக வேண்டும்.

விழித்திரையையே படம் பிடித்துக்கொண்டு, கண் சரியான இடத்தில் நின்றால் ஒலி எழுப்பிச் சொல்கிற இயந்திரம்கூட இருக்கிறது. பெரிய மையங்களில் மட்டும் கிடைக்கும். மறைப்பு எங்கே, எவ்வளவு என்று ஒருமுறை வரைந்து பார்க்க நல்லது. பயிற்சிக்காக அதைத் தேடி வாரா வாரம் கோவைக்கு பஸ் ஏற வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். கடிகாரத் தாள் போதும்.

பிரிசம் கண்ணாடி பற்றி இரண்டே வரி. பிம்பத்தைக் கெடாத இடத்துக்குத் தள்ளிவிடும் என்று சொல்லி விற்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். நான் அளவு கொடுக்கிற வரைக்கும் போய்விட்டேன். 200 பேருக்கு மேல் வைத்து இங்கிலாந்தில் சோதித்து 2005இல் வெளியிட்டார்கள்: சாதாரணக் கண்ணாடியைவிட ஒன்றும் கூடுதலாகச் செய்யவில்லை. ஆறு பாகை தள்ளினால் கண்ணும் ஆறு பாகை தாவி மறுபடி பழைய குழிக்கே கொண்டுவந்துவிடும் அல்லவா. நான் முன்பணத்தை விட்டுவிட்டு வந்தேன்.

மின்னணு வழி அப்படி இல்லை, பணம் இருந்தால் யோசிக்க வேண்டியது. மேசையில் வைக்கிற வீடியோ உருப்பெருக்கி என்றால், கேமராவுக்குக் கீழே தாளை வைக்க, திரையில் வேண்டிய அளவுக்குப் பெரிதாகும். கறுப்பில் வெள்ளை எழுத்தாக மாற்றிக்கொள்ளலாம். அது கண் கூச்சத்தைக் குறைக்கும். கீழே தட்டு இருக்கும், தாளை அப்படியே இடப்பக்கம் நகர்த்தலாம், நான் மேலே சொன்ன பரிட்சை அட்டை வித்தையேதான். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் சாதாரண லென்ஸைவிட இதில் படிக்கும் வேகம் கூடுதல் என்றே சொல்கிறார்கள். நாள் முழுக்கப் படிக்கிறவர், கணக்குப் பார்க்கிறவர், இன்னும் வேலையில் இருப்பவர் என்றால் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். தினம் அரை மணி பேப்பர் பார்க்கிற அம்மாவுக்குப் பல ஆயிரம் கொடுத்து மேசையை அடைக்க மனமில்லை. பேத்தியின் பழைய டேப்பை ஸ்டாண்டில் மாட்டிக் கேமராவைப் பெரிதாக்கி வைத்தோம். பெரிய திரையில் மாத்திரை அட்டை தெரிந்ததும் நெம்ப சந்தோஷம். அதற்குப் பிறகு திரையில் கை பட்டு வேறெங்கோ போய்விட்டால் திரும்பி வரத் தெரியாது. டேப் இப்போது மாத்திரைக்கும் கரண்ட் பில்லுக்கும் மட்டும். அதுவும் யாராவது வந்திருக்கும்போது.

காதால் படிப்பதை நான் கடைசியில் எழுதினாலும் அதைக் குறைவாக எண்ண வேண்டாம். போனில் கூகுள் லென்ஸ் தமிழ் எழுத்தைப் பிடித்துக்கொள்ளும், வாசிக்கவும் வைக்கலாம். நீண்ட கட்டுரை, கதை, தொடர் எல்லாவற்றுக்கும் காதுதான் லாபம், கண்ணுக்கு அலுப்பில்லை. அதற்காகக் கண்ணை விட்டுவிடலாம் என்றான் தம்பி. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "வெலைய அடுத்தவன் வாயிலிருந்து கேக்கறதுக்கு நான் எதுக்குக் கண்ணு பேப்பர் போடச் சொல்றேன்?" போன் அடுத்தவன் இல்லை என்று சொல்லிப் பார்த்தோம். அவருக்கு அப்படித்தான்.

ஆக, எந்த வழி என்று கேட்பதற்கு முன்னால் எதைப் பார்க்க வேண்டும் என்று அவரிடமே கேட்டிருக்க வேண்டும். அம்மாவுக்கு மூன்று வேண்டியிருந்தது. கொப்பரை விலை, மாத்திரை அட்டை, வருகிற ஒறம்பரை முகம். முகத்துக்கு எந்த லென்ஸும் உதவாது. பக்கத்தில் வரச் சொல்வதும் மேலே பார்ப்பதும்தான் வழி. கூடவே, "அம்மா மேலே பார்த்தால் உங்களைத்தான் பார்க்கிறார்" என்று சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும். நான் காங்கேயத்துக் கல்யாணத்துக்கு முன்பே அதைச் சொல்லியிருந்தால் சின்னம்மா மகன் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பான். நடமாட்டத்துக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஓரப் பார்வை நன்றாக இருப்பதால் வரப்பில் என்னைவிட வேகமாக நடப்பார்.

எங்களுக்கு இன்னொரு தடவை ஒன்றரை வருடம் கிடைத்தால் முதல் வாரம் குறைபார்வைப் பிரிவுக்குப் போவேன். மறைப்பின் வடிவத்தைத் தெரிந்துகொண்டு, வளைய வகை இல்லை என்று உறுதியானால், கடையில் கால் வைக்காமல் ஆறு வாரம் கடிகாரத் தாள். கண் நிற்கப் பழகிய பிறகு குறைந்த பவரில் விளக்கு வைத்த ஸ்டாண்டு லென்ஸும் பரிட்சை அட்டையும். அதிலும் வேகம் போதவில்லை என்றால் அப்போது வீடியோ உருப்பெருக்கி. ஒரு கண் முழுதாக நன்றாக இருப்பவர்களுக்கு இது எதுவும் தேவைப்படாது, நல்ல கண்ணே இழுத்துக்கொண்டு போய்விடும். அந்தக் கண்ணை மட்டும் விடாமல் பரிசோதித்து வர வேண்டும். ஞாபகமறதி தொடங்கிவிட்டவர்களைப் பயிற்சிக்கு வதைக்க வேண்டாம், அவர்களுக்கு வெளிச்சமும் காதும் போதும்.

போன மாதம் நான் ஊரில் இருந்தபோது கொப்பரை யாவாரி வந்தார். திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு, அவல்பூந்துறை ஏலத்தில் விலை இறங்கிவிட்டது என்று ஒரு தொகையைச் சொன்னார். அம்மா பதில் சொல்லாமல் அவருடைய தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். யாவாரி திரும்பித் தென்னந்தோப்பைப் பார்த்தார், அங்கே ஒன்றுமில்லை. என் பக்கம் குனிந்து, "அம்மாளுக்குப் பார்வை சுத்தமாப் போச்சுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"மீசைய எடுத்துட்டீங்களாட்ட இருக்குது" என்றார் அம்மா. பிறகு மடித்த பேப்பரைப் பரிட்சை அட்டையோடு அவர் பக்கம் நகர்த்தினார். "நாலாவது வரி. படிச்சுப் பாருங்க, அதுல வேற வெலையல்லோ போட்டிருக்குது."